இசை ஆசிரியர் பயிற்சி: தாளை எடுக்குமுன் காது

பாடத்திட்டத்தை எல்லாம் எழுதி முடித்துவிட்டு, கடைசி நாளில் ஒரு நாட்டுப்புறப் பாட்டைச் செருகினால் அது பண்பாட்டைத் தழுவிய பயிற்சி ஆகிவிடாது. மாணவர் காதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

பயிற்சிக்கு மூன்று வாரம் முன்பே ஆசிரியர்கள் தம் வகுப்பில் நான்கு கேள்வி கேட்டு வரட்டும்: வீட்டில் யார் பாடுவார்கள்? எப்போது? என்ன கருவி இருக்கிறது? வகுப்பில் பாடக்கூடாத பாட்டு உண்டா? நான்காவதை விட்டுவிடாதீர்கள். சடங்குப் பாட்டைத் தெரியாமல் மேடையேற்றிவிட்டு, பிறகு பெற்றோரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள நேரும்.

குழுவுக்கு 15 பேர் போதும். 20க்கு மேல் போனால் ஒவ்வொருவர் குரலையும் கேட்க முடியாது. இரண்டரை மணி நேர அமர்வு ஆறு, இரு வாரத்துக்கு ஒன்று. ஒரே வாரத்தில் அடுக்கினால் செலவு குறையும். ஆனால் கற்றதை வகுப்பில் செய்துபார்த்து, எங்கே இடறியது என்று திரும்பி வந்து சொல்ல வழியிருக்காது.

எந்த இசை மரபைக் கற்பிக்கிறீர்களோ, அமர்வை அந்த மரபில் ஊறிய கலைஞரே நடத்தட்டும். முதல் 30 நிமிடம் கேட்பது மட்டும். அடுத்த 50 நிமிடம் வாயால் திருப்பிச் சொல்வதும் கைதட்டுவதும். தாளும் பேனாவும் பைக்குள் இருக்கட்டும். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. பிறகு 20 நிமிடம் எழுதிக்கொள்ளலாம். மீதி 50 நிமிடம் மூவர் மூவராகப் பிரிந்து, மாறி மாறிக் கற்பித்துப் பார்க்க.

வரிசை மாறினால் கெட்டுப்போவது இசைதான். பியானோவின் சமச் சுருதியில், அதாவது ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பிரிக்கும் முறையில், அரைச்சுரம் ஒவ்வொன்றும் 100 சென்ட் (சுர இடைவெளியை அளக்கும் அலகு). அரபு இசையில் ராகம் போன்ற அமைப்பான மக்காமில் ஏறத்தாழ 150 சென்ட் இடைவெளிகள் வரும். முதலில் எழுதிய சுரக் குறிப்பைப் பார்த்தவர் அந்த இடைவெளியைப் பக்கத்து அரைச்சுரத்துக்கு இழுத்துவிடுவார். கர்நாடக சங்கீதத்தின் கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவதை, வெறும் சுரமாக எழுதினால் அசைவு காணாமல் போகும். ஏழு எண்ணிக்கைத் தாளத்தை 7/8 என்று எழுதுவதும் பாதி விவரம்தான்: 3+2+2 வேறு நடை, 2+2+3 வேறு நடை. இந்தோனேசியாவின் காமெலான் போன்ற வாத்தியத் தொகுதிகளில் சுருதி தொகுதிக்குத் தொகுதி மாறும். பியானோவை அதற்குத் துணை வைக்காதீர்கள்.

மதிப்பீட்டுத் தாளையும் கலைஞரோடு உட்கார்ந்தே தயாரியுங்கள். 'இந்தப் பாட்டை நன்றாகப் பாடினார் என்று உங்கள் ஊரில் எதைவைத்துச் சொல்வீர்கள்?' என்று கேட்டு, அவர் சொல்லும் மூன்று அம்சங்களை எழுதுங்கள். சில மரபுகளில் குரல் சுத்தத்தைவிடச் சொல் தெளிவோ கூட்டத்தைப் பதில் பாடவைக்கும் திறனோ பெரிது.

கலைஞருக்கான ஊதியத்தில் தயாரிப்பு நேரத்தையும் சேர்த்துவிடுங்கள். நன்றிச் சான்றிதழை அதற்கு ஈடாக நீட்டாதீர்கள்.