கிராஃபிங் கால்குலேட்டருக்குப் பின்விளக்கு: வீட்டிலேயே செய்யும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது டிஐ-83 பிளஸ், டிஐ-84 பிளஸ் என்ற, வரைபடமும் வரைந்து காட்டும் கால்குலேட்டர்களைக் கொண்டுவந்து, "அண்ணே, இதுல லைட் வைக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். ஹாஸ்டலில் அறைத்தோழன் விளக்கை அணைத்துவிட்டால் அந்தச் சாம்பல் திரையில் ஒன்றும் தெரியாது. புதுசு வாங்கச் சொல்ல எனக்கு மனசு வராது. கை நிதானமாக இருந்தால் இதை நீங்களே செய்யலாம்.

விளக்கும் ஒயரும் எளிது. கஷ்டமெல்லாம் திரைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வெள்ளி நிறத் தாளில்தான். இந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறை வெளிச்சம் கண்ணாடி வழியாக உள்ளே போய், அந்தத் தாளில் பட்டுத் திரும்பி வருவதால்தான் எண்கள் தெரிகின்றன. பின்னால் எவ்வளவு பிரகாசமான விளக்கு வைத்தாலும் அந்தத் தாள் மறித்துவிடும். அதை எடுத்தே ஆக வேண்டும்.

முதலில் உங்கள் புரோகிராம்களைக் காப்பாற்றுங்கள். ஆர்க்கைவில் (பேட்டரி இல்லாவிட்டாலும் அழியாத நினைவகம்) போடுங்கள், அல்லது கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றுங்கள். நான்கு ஏஏஏ பேட்டரிகளோடு பட்டன் பேட்டரியையும் கழற்றினால் ராமில் (தற்காலிக நினைவகம்) இருப்பதெல்லாம் போய்விடும். அப்புறம் டி6 அளவு நட்சத்திர முனைத் திருப்புளியால் பின்மூடியைத் திறங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். எங்கள் ஊரில் செம்பனைக் குலை லாரி ஒன்று கடந்தாலே தூசி உள்ளே வந்துவிடும். திரைக்குள் ஒட்டிய தூசி, விளக்கு எரியும்போது பளிச்சென்று தெரியும்.

கண்ணாடியைப் பலகையிலிருந்து தூக்குமுன், அதை இணைப்பது மெல்லிய நாடாவா, ரப்பர் பட்டையா என்று பாருங்கள். நாடா என்றால் இழுக்கவே கூடாது. பிரிந்தால் திரையில் கோடு கோடாகப் புள்ளிகள் மறையும். எதிர்ப்பக்கத்தை மட்டும் கொஞ்சமாகத் தூக்குங்கள்.

இனி வெள்ளித் தாள். ஒரு மூலையில் பிளேடைப் படுக்கவைத்துக் கிளப்பி, மெதுவாக உரியுங்கள். அது போலரைசரோடு (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள், இது இல்லாமல் எண்கள் தெரியாது) சேர்ந்து ஒட்டியிருக்கும், பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். வந்தால் பயப்பட வேண்டாம். மிச்சப் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். அசிட்டோன் வேண்டவே வேண்டாம், முன்பக்கப் போலரைசரைக் கெடுத்துவிடும். அதற்குப் பதிலாக வைக்க, உடைந்த எல்சிடி மானிட்டரிலிருந்து போலரைசர் தாள் கிடைக்கும். வெட்டுவதற்கு முன், கால்குலேட்டரை ஆன் செய்து தாளைத் திரைக்குப் பின்னால் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். ஒரு திசையில் வெளிர் திரையில் கருப்பு எண்கள், 90 பாகை திருப்பினால் கருப்புத் திரையில் வெளிர் எண்கள். உங்களுக்குப் பிடித்த திசையில் வைத்து வெட்டுங்கள். எனக்குப் படிக்கச் சுலபமானது முதலாவதுதான்.

வெளிச்சம் பரவ, உடைந்த சிறிய ஸ்மார்ட்போன் திரைக்குள் இருக்கும் தெளிவான பிளாஸ்டிக் தகடு, மங்கல் தாள், வெள்ளைத் தாள் மூன்றையும் எடுங்கள். அதன் எல்இடிகளை விட்டுவிடுங்கள்: அவை தொடராக இணைந்திருக்கும், நம் 6 வோல்ட் போதாது. பழைய பட்டன் போனிலிருக்கும் பக்கவாட்டு எல்இடிகள் மூன்று போதும். தகட்டை அளவுக்கு வெட்டும்போது, எல்இடி இருந்த விளிம்பை விட்டுவிட்டு எதிர்விளிம்பை வெட்டுங்கள். வெளிச்சத்தை வெளியே தள்ளும் புள்ளிகள் எல்இடி பக்கம் குறைவாகவும் தூரத்தில் அடர்த்தியாகவும் அச்சிடப்பட்டிருக்கும். திருப்பிப் போட்டால் ஒரு பக்கம் கண் கூசும், மறுபக்கம் இருட்டு. மற்ற மூன்று ஓரங்களிலும் வெள்ளை டேப் ஒட்டுங்கள்.

மூன்று எல்இடிகளையும் இணையாகப் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனியாக 680 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை). நான்கு பேட்டரி 6 வோல்ட், வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட்; மிச்சம் 3 வோல்ட்டை 680 ஆல் வகுத்தால் சுமார் 4.4 மில்லி ஆம்பியர். மூன்றுக்கும் சேர்த்து 13. சாதாரண அல்கலைன் ஏஏஏ பேட்டரி 1000 மில்லி ஆம்பியர் மணி அளவு தரும், ஆகவே பல இரவுகளுக்குக் கவலையில்லை. ரீசார்ஜ் பேட்டரியில் 4.8 வோல்ட்தான், வெளிச்சம் குறையும்.

பேட்டரிப் பெட்டியின் இரு முனைகளிலிருந்து ஒயர் எடுத்து, நடுவில் சின்ன சறுக்கு சுவிட்ச் வையுங்கள். கால்குலேட்டர் தானாக அணைந்தாலும் இந்த விளக்கு அணையாது, நீங்கள்தான் அணைக்க வேண்டும். அடுக்கு: பலகை, வெள்ளைத் தாள், தகடு, மங்கல் தாள், போலரைசர், கண்ணாடி. மூடி லேசாகப் பொருந்த வேண்டும். அழுத்தித் திருகினால் கண்ணாடி விரிசல் விடும். இடம் போதாவிட்டால் பின்னாலுள்ள பஞ்சுப் பட்டையை எடுத்துவிடுங்கள்.

மூடியதும் எண்கள் வெளிறித் தெரிந்தால், செகண்ட் பொத்தானைத் தட்டிவிட்டு மேல் அம்பை அழுத்திப் பிடியுங்கள், கருமை கூடும். ரொம்பக் கருத்தால் அதே போலக் கீழ் அம்பு.