கோய்க் குஞ்சும் நர்சரிக் கன்றும்: எதைப் பார்த்து எடுப்பது?

சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளுக்குக் கோய் (ஜப்பானிய வண்ணக் கெண்டை) வாங்கப் போகிறவர் நிறத்தைப் பார்க்கிறார். போன்சாய்க்கு (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்) கன்று தேடி நர்சரிக்குப் போகிறவர் இலையைப் பார்க்கிறார். இரண்டுமே மாறிவிடும். மீனின் எலும்புக்கட்டும் செடியின் அடிமரமும்தான் எளிதில் மாறாதவை.

முதலில் மீன்

படி 1: கண்ணாடித் தொட்டியில் பக்கவாட்டில் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். கோய் மேலிருந்து ரசிக்க வளர்க்கப்படும் மீன். நீல பிளாஸ்டிக் பேசின் ஒன்றை நீங்களே கொண்டுபோய் ஐந்தாறு குஞ்சுகளை அதில் விடச் சொல்லுங்கள். வெள்ளைப் பேசின் வேண்டாம், மீனின் வெள்ளை அதில் கரைந்துவிடும். 10 முதல் 15 செ.மீ. வரை வளர்ந்த குஞ்சாக இருக்கட்டும்.

படி 2: முதுகெலும்பு நேராக இருக்கிறதா, வாய் அகலமா, வால் தொடங்கும் இடம் தடிமனா என்று பாருங்கள். அங்கே மெலிந்த மீன் வளர்ந்தாலும் ஒல்லிதான்.

படி 3: நிறம். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். கோஹாக்கு (வெள்ளை உடலில் சிவப்புத் திட்டுள்ள வகை) குஞ்சில் சிவப்பு இப்போதே முற்றிப்போய் ரத்தச்சிவப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள், அது சீக்கிரம் வெளுக்கலாம். ஆரஞ்சுச் சாயலோடு, திட்டு முழுக்க ஒரே கனமாக இருப்பதை எடுங்கள். திட்டின் தலைப்பக்க விளிம்பு மங்கலாகத் தெரிவது குறையல்ல. முன்செதிலின் வெள்ளை பின்செதிலின் சிவப்பை மூடுவதால் அப்படித் தெரிகிறது, செதில் தடிக்கத் தடிக்கத் தெளிந்துவிடும். வால்பக்க விளிம்பு கலைந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

வெள்ளை, சிவப்போடு கறுப்பும் சேர்ந்த சாங்கே, ஷோவா வகைகளில் தோலுக்கடியில் நீலச்சாம்பல் நிழல் தெரிந்தால் அழுக்கென்று ஒதுக்காதீர்கள். பின்னால் மேலே வரப்போகும் கறுப்பு பெரும்பாலும் அதுதான்.

(சென்னை வெயிலில் தண்ணீர் சூடாகும்போது அதில் ஆக்சிஜன் குறையும். ஏர் பம்ப் இல்லாமல் எந்தக் குஞ்சையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.)

அடுத்து போன்சாய்

தொடங்குகிறவர்களுக்கு ஃபைகஸ்தான் (ஆல், அத்தி இன மரம்) என் சிபாரிசு. இலை சிறுக்கும், வெட்டிய மொட்டை மரத்திலும் துளிர்க்கும்.

கடையிலேயே மூங்கில் குச்சியால் மேல்மண்ணை 3 செ.மீ. வரை கிளறிப் பாருங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், வேர்ப்பட்டை கிழிந்துவிடும். சின்னக் கவரிலிருந்து பெரிய கவருக்கு மாற்றும்போது கன்றை ஆழமாகப் புதைத்துவிடுவார்கள், அதனால் நல்ல வேர்விரிவு கீழே ஒளிந்திருக்கும். வேர்கள் நாலாபுறமும் விரிந்தால் வாங்குங்கள். ஒரே வேர் தண்டைச் சுற்றி இறுக்கினால் விட்டுவிடுங்கள். ஒருபக்கம் மட்டுமே வேர் என்றால் ஃபைகஸில் வழி உண்டு. அடிமரத்தில் 2 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான தேங்காய் நார் வைத்துப் பிளாஸ்டிக்கால் கட்டினால் மேல்விளிம்பில் புது வேர் இறங்கும். அக்னி நட்சத்திரம் கழிந்த பிறகு செய்யுங்கள்.

உயரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு: அடித்தடிமனைப் போல ஆறு மடங்கு. அடித்தடிமன் 4 செ.மீ. என்றால் முடிந்த மரம் 24 செ.மீ. அந்த உயரத்துக்குள் ஒரு வளைவோ கிளையோ இருக்கிறதா பாருங்கள். அதற்கு மேலே உள்ளதெல்லாம் வெட்டுப்படப் போவதுதான். ஒரே கணுவில் மூன்று நான்கு கிளைகள் கிளம்பினால் அந்த இடம் வீங்கி, அடியைவிட மேலே தடித்துவிடும்.

பிற்சேர்க்கை: கிழங்கு போன்ற வேரோடு விற்கும் ‘ஜின்செங்’ ஃபைகஸைப் பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதன் தலை ஒட்டுக்கட்டியது. ஒட்டுக்குக் கீழே வரும் துளிரின் இலை வேறாக இருக்கும், அதைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.