வீல்சேர் வாங்கும் முன் வி.ஆரில் ஓட்டிப் பாருங்கள்

களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறத்தான் வேண்டும், விளைக்குள் (தோப்புக்குள்) போகும் வழியோ ஒரு பைக் போகிற அகலம்தான். இங்கே பவர் வீல்சேர் வாங்குகிறவர், கடையின் வழவழப்பான தரையில் நாலு சுற்று ஓட்டிவிட்டுப் பணம் கட்டுவது சரியில்லை. முதலில் சிமுலேட்டரில், அதாவது வண்டி ஓட்டுவதைக் கம்ப்யூட்டரில் போலியாகக் காட்டும் மென்பொருளில், ஓட்டிப் பார்க்கலாம்.

முதல் படிக்கு கம்ப்யூட்டரே வேண்டாம். பிசியோதெரபிஸ்டை வைத்துக்கொண்டு, எந்த அசைவு சோர்வில்லாமல் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். கை விரல்கள் ஒத்துழைத்தால் சாதாரண ஜாய்ஸ்டிக், கை வராது, கழுத்து வரும் என்றால் தாடையால் தள்ளும் ஜாய்ஸ்டிக் அல்லது தலைச்சாய்வில் உள்ள சென்சார், அதுவும் முடியாதவருக்குக் குழாயில் உறிஞ்சி ஊதும் முறை. வண்டியைக் கிளப்ப முடிகிறதா என்பதைவிட, நினைத்த நொடியில் நிறுத்த முடிகிறதா என்பதுதான் முக்கியம்.

அடுத்து சாமான்கள். சிமுலேட்டர் ஓடும் கம்ப்யூட்டர், வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட், அதாவது கண்ணை மூடித் தலையில் மாட்டும் திரை, யு.எஸ்.பி. ஜாய்ஸ்டிக். ஸ்விட்ச் வைத்து ஓட்டுபவருக்கு மாற்றுத்திறனாளிகள் கேம் ஆட 2018-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர் வசதி, அதன் பின்பக்கம் ஸ்விட்ச் செருக வரிசையாக 3.5 மி.மீ. துளைகள் இருக்கும். ஒரு சிக்கல்: தலையாலோ தாடையாலோ ஓட்டுபவருக்கு ஹெட்செட்டின் எடையும் பட்டையும் இடைஞ்சல். அவர்களுக்குப் பெரிய டிவி திரையே போதும், வி.ஆர். மோகத்தில் கண்ணை மறைத்துவிட்டு, கட்டுப்பாடு சரியில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

உடனே ஓட்டம் வேண்டாம். கண் நகர்கிறது என்கிறது, அசைவை உணரும் உள்காதோ உட்கார்ந்திருக்கிறாய் என்கிறது, அதனால் குமட்டும். திரும்பும் வேகத்தைக் குறைத்து ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள், வியர்த்தால் கழற்றிவிடுங்கள். வலிப்பு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

அப்புறம் டேப்பை எடுத்து உங்கள் வீட்டு வாசல், நடை, திருப்பம் எல்லாம் அளந்து, முடிந்தவரை அதே அளவில் பாதை அமையுங்கள். சாய்தளத்துக்கு 1:12 கணக்கு, அதாவது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். பின்சக்கரம் இழுக்கிற வண்டியும் நடுச்சக்கர வண்டியும் திரும்புவது ஒன்றுபோல் இருக்காது, வாங்கப்போவது எதுவோ அதையே சிமுலேட்டரிலும் வையுங்கள். ஒரே பாதையை ஒவ்வொரு கட்டுப்பாட்டிலும் ஓட்டி, எத்தனை இடி, எவ்வளவு நேரம், முடிவில் கையோ கழுத்தோ வலிக்கிறதா என்று குறியுங்கள். நேரம் கூடினால் பரவாயில்லை, இடிதான் கணக்கு.

கை நடுங்கினால், ஜாய்ஸ்டிக்கின் நடுவில் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத பகுதியைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். ஆனால் அந்த எண் நிஜ வண்டிக்கு அப்படியே பொருந்தாது, விற்பவர்தான் வண்டியில் அமைத்துத் தர வேண்டும்.

மழையில் நனைந்த செம்மண் ஏற்றத்தில் சக்கரம் வழுக்குவதும், ஏறும்போது வண்டி பின்னால் சாய்கிற பயமும் திரையில் வராது. நிஜ வண்டியில் முதல் தடவை ஏறும்போது பெல்ட் போட்டுக்கொண்டு, பின்னால் பிடிக்க ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள்.