மீட்கப்பட்ட இரைகொல்லிப் பறவைகளைக் கல்விக்குப் பயன்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகிச்சை முடிந்தும் காட்டுக்குத் திரும்ப முடியாத பருந்தையோ ஆந்தையையோ கையுறை அணிந்த கையில் ஏந்தி, பள்ளிக் குழந்தைகளின் முன்னே நின்று அதன் வாழ்க்கையை விளக்கும் வழக்கம் அமெரிக்காவில் நன்கு வேரூன்றியிருக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1974 முதல் இயங்கும் ராப்டர் சென்டர் என்னும் இரைகொல்லிப் பறவை மையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்தப் பணியில் நேரும் தவறுகள் பெரும்பாலும் இரக்கத்தில் தொடங்குவதால், அவற்றைத் தவறு என்று சொல்லவே பலர் தயங்குகிறார்கள்.

அவற்றுள் பெரியது, பறக்க முடியாத பறவை எதுவானாலும் அதைக் கல்விப் பறவையாக வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்று எண்ணுவது. முழங்கை மூட்டிலோ அதற்கு மேலோ இறக்கையை வெட்ட வேண்டிய நிலையில் உள்ள பறவையையும், கால் அல்லது பாதம் இழந்ததையும், இரு கண்ணும் தெரியாததையும் வலியின்றி இறக்கச் செய்ய வேண்டும் என்பதே அமெரிக்காவின் பறவை மறுவாழ்வு விதி. சிறப்பு ஒப்புதல் பெற்றால் மட்டுமே விலக்கு உண்டு. கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும் இந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலை இழந்த கழுகு தன் எடை முழுவதையும் மற்றக் காலில் சுமப்பதால், அந்தப் பாதம் புண்ணாகி, சீழ் பிடித்து, எலும்பு வரை அழுகக்கூடும். உடல் தேறினாலும் சுபாவம் ஒத்துவர வேண்டும். செவ்வால் பருந்து பெரும்பாலும் மனிதர் அருகில் இருப்பதற்குப் பழகிவிடுகிறது. கூப்பர் வல்லூறு போன்ற பதற்றமான இனங்களோ கூட்டத்தைக் கண்டதும் கையிலிருந்து திரும்பத் திரும்பத் துள்ளிப் பாய்ந்து இறகுகளை முறித்துக்கொள்ளும். தீராத மன அழுத்தம் நோய் எதிர்ப்பைக் குறைத்து, நுரையீரலில் பூஞ்சை நோய்க்கும் வழிவிடும்.

அடுத்தது குஞ்சைக் கையில் வளர்ப்பது. கண் திறந்த நாட்களில் தனக்கு உணவு தருபவரையே தன் இனமாக மனத்தில் பதித்துக்கொள்ளும் குஞ்சு, வளர்ந்தபின் மனிதரையே துணையாகவும் போட்டியாகவும் கருதும். அதைக் காட்டில் விடுவது பெரும்பாலும் அதன் சாவில் முடியும். கலிபோர்னியா காண்டோர் கழுகுகள் 1987-இல் 27 மட்டுமே எஞ்சி, எல்லாமே கூண்டில் இருந்த காலத்தில், குஞ்சுகளுக்குக் காண்டோரின் தலை போலச் செய்த கைப்பொம்மையால்தான் உணவூட்டினார்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளின் இடுக்கிலிருந்து விழும் கூகைக் குஞ்சுக்கும் இது பொருந்தும். இரண்டு வாரம் வீட்டில் கொஞ்சிவிட்டு வனத்துறையிடம் கொடுப்பதைவிட, அன்றைக்கே கொடுப்பது அதற்குச் செய்யும் பேருதவி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருக்கவும் கூடாது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எலும்பில்லாத இறைச்சித் துண்டில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. அதை மட்டுமே தின்று வளரும் குஞ்சின் எலும்புகள் வளைந்து முறியும். எலி, கோழிக்குஞ்சு போன்ற இரையை முழுதாகக் கொடுக்க வேண்டும்.

பார்வையாளரைத் தடவ விடுவது இன்னொரு தவறு. ஜப்பானின் ஆந்தைக் காபிக் கடைகளில் கட்டிவைக்கப்பட்ட ஆந்தை அசையாமல் இருப்பதைச் சாது என்று நினைக்கிறார்கள். இறகுகளை உடலோடு ஒட்டி, நிமிர்ந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு உறைந்து நிற்பது ஆந்தை அச்சத்தில் எடுக்கும் நிலை. அந்த நிலையைப் புரிந்துகொள்ளாத கையாளுநர் நிகழ்ச்சியைத் தொடர்கிறார். புரிந்துகொண்டவர் பறவையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் படத்தைக் காட்டிப் பேசுவார். அப்படி நடந்த வகுப்பில் குழந்தைகள் கற்றது குறைவு என்று நான் நினைக்கவில்லை.

என்னை மிகவும் வருத்துவது, பறவையின் பெயரும் குறும்பும் பேசப்பட்டு, அது ஏன் அங்கே நிற்கிறது என்பது பேசப்படாமல் போவதே. வேட்டையாடிய மானின் குடலை வேட்டைக்காரர் காட்டில் விட்டுச் செல்லும்போது, அதில் சிதறிய தோட்டாவின் ஈயத்துகளும் சேர்ந்தே கிடக்கின்றன. அந்தக் குடலைத் தின்னும் வெண்தலைக் கழுகு ஒன்றைக் கொல்ல அரிசி மணி அளவு ஈயம் போதும். ஈய நஞ்சிலிருந்து பிழைத்த கழுகைக் கையில் ஏந்துபவர் இதைச் சொல்லி, ஈயமில்லாத செம்புத் தோட்டா கடையில் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவர் வரிசையில் அமர்ந்திருக்கும் வேட்டைக்காரர் அடுத்த பருவத்துக்குத் தோட்டா வாங்கும்போது எதை எடுப்பது என்று யோசிப்பார்.