‘ஜேன் அயர்’ நாவலைப் பற்றிக் கூடிப் பேசுவது எப்படி

இலங்கை மலையகத்து ஹட்டனில், எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிறு பின்னேரங்களில் ஆறேழு பேர் கூடி ‘ஜேன் அயர்’ வாசித்தோம். ஷார்லட் பிராண்டி எழுதி 1847இல் வந்த ஆங்கில நாவல், 38 அத்தியாயங்கள். வாரத்துக்கு நான்கு போதும். அதற்கு மேல் வைத்தால் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர்களால் முடிக்க முடியாது.

ஆளுக்கொரு கொப்பி இருக்கட்டும். பிடித்த வரி, கோபம் வந்த வரி, இரண்டையும் பக்க எண்ணோடு எழுதி வரச் சொல்லுங்கள்.

“ஜேன் நல்லவளா?” என்று கேட்டால் பேச்சு உடனே நின்றுவிடும். “தான் வேலை பார்த்த வீட்டு எசமான் ரோச்செஸ்டரை அவ்வளவு நேசித்தவள் ஏன் விடியுமுன் வீட்டை விட்டுப் போனாள்? நீங்கள் என்றால் போவீர்களா?” என்று கேளுங்கள். அன்றைக்கு எங்கள் தேத்தண்ணி ஆறி ஆடை படிந்ததுதான் மிச்சம், ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை.

ரோச்செஸ்டரின் முதல் மனைவி பெர்த்தாவுக்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்குங்கள். ஜமேக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, மூன்றாம் மாடியில் பூட்டி வைக்கப்பட்டவள். அவள் கதையைப் பெரும்பாலும் ரோச்செஸ்டர் வாயால்தான் கேட்கிறோம். தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அந்தக் கதவைச் சும்மா தாண்டிப் போக எங்களால் முடியவில்லை. “இங்க வர விருப்பமான்னு அவகிட்ட யாராவது கேட்டாங்களா?” என்றார் ஓர் அக்கா. அப்புறம் வெகுநேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள்.

சொத்து விஷயத்தையும் விடாதீர்கள். சொத்தாகத் தனக்கு வந்த 20,000 பவுணை ஜேன் தானும் தன் மாமன் வழி உறவினர் மூவருமாக நால்வருக்கும் சமமாகப் பிரிக்கிறாள். அது சரியா என்று கேட்டால் பேசாதவரும் பேசுவார்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் சத்தமாக வாசியுங்கள், ஆளுக்கொரு பந்தி.