பாட்டு நிற்காது, எடையைக் குறையுங்கள்: பாடிபம்ப் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டின் தாளத்துக்கு ராடு, அதாவது எடை மாட்டிய கம்பி, தூக்கிச் செய்யும் குழுப் பயிற்சிதான் பாடிபம்ப். அந்த வகுப்பில் நடக்கும் தவறுகளில் பலவும் ராடில் ஏற்றும் எடையில்தான் ஆரம்பிக்கின்றன. எடை கூடிப்போனாலும் பாட்டு நமக்காக நிற்காது. தாளத்தைத் தவறவிடக் கூடாதே என்று உடம்பு குறுக்குவழி தேடும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில், லெஸ் மில்ஸ் ஜிம்மில் 1990 வாக்கில் உருவான வகுப்பு இது. முழு வகுப்பில் பத்துப் பாட்டு. வார்ம்-அப் தொடங்கி ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்தெழுவது), செஸ்ட் (மார்பு), முதுகு என்று பாட்டுக்குப் பாட்டு வேலை மாறும். ஸ்குவாட் பாட்டு மட்டுமே ஐந்து நிமிடம் போல ஓடும். பத்து முறை தூக்கிவிட்டு ஓய்வெடுத்துப் பழகியவருக்கு அவருடைய ஜிம் கணக்கு இங்கே உதவாது. தனியாக 60 கிலோவில் ஸ்குவாட் செய்பவர்கூட முதல் நாள் 20 கிலோவில் தொடங்கட்டும். கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

அதற்காக எல்லாப் பாட்டுக்கும் ஒரே எடையை வைத்துக்கொள்வதும் தப்பு. ஸ்குவாட்டுக்கு வார்ம்-அப் எடையைப் போல இரண்டு மடங்கு வைக்கலாம். ட்ரைசெப்ஸ் (மேல்கையின் பின்தசை) வரும்போது நன்றாகக் குறைக்க வேண்டும். பாட்டுகளுக்கு நடுவே கிடைக்கும் அவகாசம் கொஞ்சம்தான் என்பதால் பலர் பிளேட்டை (எடைத் தட்டை) மாற்றிவிட்டு, அது நழுவாமல் பிடிக்கும் கிளிப்பைப் போடாமல் விடுகிறார்கள். செஸ்ட் பிரெஸ்ஸில், அதாவது ஸ்டெப் என்னும் தாழ்வான மேடையில் படுத்து ராடை மேலே தள்ளும்போது, ராடு ஒரு பக்கம் சாய்ந்தால் பிளேட் நேரே பக்கத்து ஆளிடம் போகும். வேண்டிய பிளேட்டுகளை முன்பே ஸ்டெப் ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்புறம் வேகம். மூன்று எண்ணிக்கையில் இறங்கி ஒன்றில் ஏறுங்கள் என்று இன்ஸ்ட்ரக்டர் சொல்வார். பின்வரிசையைப் பாருங்கள்: ஒன்றிலேயே பொத்தென்று இறங்கி, மீதி இரண்டுக்கும் கீழே காத்திருப்பார்கள். மெதுவாக இறங்குவதில்தான் தொடைக்கு வேலையே இருக்கிறது. அதை விட்டுவிட்டால் தாளம் சரியாக இருக்கும், பயிற்சி இருக்காது.

ஸ்குவாட்டில் ராடு கழுத்தெலும்பில் உட்காரக் கூடாது; அதற்குக் கீழே, தோள்பட்டையின் மேல்தசையில் இருக்க வேண்டும். அந்த நிலையில் இன்ஸ்ட்ரக்டரைப் பார்க்கத் தலையைத் திருப்புபவர்கள் நிறைய. காதால் கேட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் நேரெதிரே இடம் பிடியுங்கள். டெட்லிஃப்ட்டில், அதாவது ராடைக் கையில் பிடித்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிரும்போது, ராடு தொடையை ஒட்டியே முழங்கால் வரை இறங்கினால் போதும். அதற்குக் கீழே போக ஆசைப்பட்டால் முதுகு வளையும். பாட்டின் கடைசிப் பகுதியில் களைப்பு ஏறும்போது இது தானாகவே நடக்கும். அப்போது ராடைக் கீழே வைத்து ஒரு பிளேட்டைக் கழற்றிவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளலாம். யாரும் கவனிக்கப் போவதில்லை, எல்லோருக்கும் அவரவர் கஷ்டம்.

தினமும் போகாதீர்கள், இரண்டு வகுப்புக்கு நடுவே ஒரு நாளாவது விடுங்கள். முதல் வகுப்புக்குப் பிறகு படியிறங்கும்போது தொடை வலிப்பது சகஜம். ஆனால் தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது சாதாரண வலி இல்லை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.