எல்லாரும் தனித்துவம், எல்லாரும் ஒரே கால்சட்டை

சனிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரின் ஹாஜி லேனில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தொளதொளக் கால்சட்டை, குட்டையான மேல்சட்டை, குறுக்கே மாட்டிய சின்னப் பை என்று பாதிப் பேர் ஒரே வீட்டு அண்ணன் தம்பி மாதிரி இருப்பார்கள். கேட்டால் "இது என் ஸ்டைல்" என்பார்கள்.

இணையத்தில் ஸ்ட்ரீட் ஃபேஷன் குழுக்களில் சேரும் நம் பிள்ளைகள் முதலில் சறுக்குவது, லைக் எண்ணிக்கையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்தான். திரையைத் தள்ளிக்கொண்டே போகிறவர் ஒரு படத்தில் எவ்வளவு நேரம் நிற்பார்? அதற்குள் அவர் கண்ணில் படுவது ஏற்கெனவே தெரிந்த ஷூவும் லோகோவும்தான். அதனால் பழகிய உடைக்கே லைக் குவிகிறது. புதிதாக ஒன்றை முயன்றவருக்கு நாலே நாலு லைக் வந்தால் உடை மோசம் என்று அர்த்தமில்லை. புதிதாக முயல்பவர்கள் குறைந்தால் என்ன ஆகும் பாருங்கள். இளையர்களின் துணிச்சலான உடைக்குப் பேர்போன தோக்கியோவின் ஹராஜுக்குவில் உடுத்தித் திரிந்தவர்களைப் படமெடுத்து ஷோயிச்சி அவோக்கி 1997இல் தொடங்கிய 'ஃப்ரூட்ஸ்' இதழ் 2017இல் நின்றுபோனது. படமெடுக்கும்படி உடுத்தும் இளையர்கள் இல்லை என்றார் அவர். ஹராஜுக்குவுக்கே அந்தக் கதி!

அடுத்தது, இன்னொருவர் உடுப்பைத் தலை முதல் கால்வரை அப்படியே வாங்குவது. "எங்கே வாங்கினீங்க?" என்று கேட்பவர்கள், "உங்கள் உயரம் என்ன, இது என்ன சைஸ்?" என்று கேட்பதில்லை. ஓவர்சைஸாகவே வெட்டித் தைத்த சட்டையில் தோள் இறங்கியிருந்தாலும் கழுத்து கழுத்தோடு ஒட்டி நிற்கும். சாதாரணச் சட்டையை இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் கழுத்தும் சேர்ந்து அகன்று தொங்கும். படத்தில் இது தெரியாது, நேரில் உடனே தெரிந்துவிடும். கால்சட்டை நீளமா? தேக்கா நிலையத்தின் மாடியில் தையல்காரர்கள் இருக்கிறார்கள். எந்த ஷூவோடு போடப்போகிறீர்களோ அதை மாட்டிக்கொண்டே போய் அளவு கொடுங்கள். செருப்போடு போய்க் கொடுத்த அளவு ஸ்னீக்கர்ஸுக்குச் சரியாக வராது.

அப்புறம் வெயில். நியூயார்க் குளிருக்கு அடுக்கடுக்காகப் போட்ட உடையை 32 டிகிரியில், இந்தப் புழுக்கத்தில் காப்பியடிப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் தண்டனை. சாயமிட்ட பின் துவைக்காமலே தைத்து விற்கும் ரா டெனிம் ஜீன்ஸை மாதக்கணக்கில் துவைக்கக் கூடாது என்பதும் குளிர் ஊருக்கு ஒத்துவரும் சட்டம்தான். அதை இங்கே கடைப்பிடிப்பவர், எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் நிற்பவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளட்டும்.

நம்மவர்களிடம் மட்டும் பார்க்கும் ஒரு தவறும் உண்டு. தாத்தாவின் கட்டம் போட்ட கைலியைப் பார்த்து முகம் சுளிக்கிற பையன், அதே கட்டம் 'மெட்ராஸ் செக்' என்று பேர் வாங்கிச் சட்டையாக வந்தால் நூறு வெள்ளி கொடுக்கத் தயாராகிவிடுவான். 1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் விரும்பிப் போட்ட துணி அது. துவைக்கத் துவைக்கச் சாயம் போவதையே பெருமையாக விளம்பரப்படுத்தி விற்றார்கள். குழு ஒப்புக்கொண்ட பிறகுதான் நம் வீட்டுத் துணி நமக்கு அழகாகத் தெரிகிறது. ஜீன்ஸுக்கு மேல் பருத்திக் குர்த்தா போட இன்னொருவர் அனுமதி எதற்கு?

குழுவைக் காப்பியடிப்பவர் என்று பேர் வாங்கப் பயந்து, குழு எதைச் சொன்னாலும் நேர் எதிராகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அலமாரிக்கும் குழுதான் முதலாளி.

கடைசியாகப் பணம். 1994இல் நியூயார்க்கில் தொடங்கிய சுப்ரீம் என்ற உடை பிராண்ட், வியாழக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கை இறக்கியே ஆசையை வளர்த்தது. இன்று பலரும் அதே வித்தையைச் செய்கிறார்கள். "இப்போ விட்டா கிடைக்காது" என்ற பதற்றத்தில் வாங்குமுன், வீட்டில் இருக்கும் எந்த உடையோடு அது சேரும் என்று சொல்லிப் பாருங்கள். பதில் வரவில்லையா? சரி, அப்படியும் வாங்கினால் பெட்டியையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். பழைய பொருள்களை விற்கும் கேரோசல் செயலியில் விற்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.